பிராடோவின் பின் எயார் பாக்: காற்று எந்த வழியால் போகிறது?

எயார் சஸ்பென்ஷன், அதாவது கொயிலுக்கு (சுருள் வில்லுக்கு) பதிலாகக் காற்று நிரப்பிய றப்பர்ப் பை பாரம் தாங்குகிற அமைப்பு, உள்ள வாகனம் பின்பக்கம் சரிந்து நிற்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் முதல் பழி பைக்குக் காற்றடிக்கிற கொம்பிரசருக்குத்தான். சத்தம் போடுகிறது, அடிக்கடி ஓடுகிறது, கை வைக்க முடியாமல் சுடுகிறது. ஆகவே அதுதான் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அத்தானின் 120 வரிசை ரொயோட்டா பிராடோவில் வேலை செய்த பிறகு என்னுடைய எண்ணம் இதுதான்: கொம்பிரசர் பெரும்பாலும் பலிக்கடா. காற்று வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். அதை ஈடுகட்ட ஓடியோடியே கொம்பிரசர் சாகும். புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினாலும் அதற்கும் அதே கதிதான்.

2002 முதல் 2009 வரை வந்த 120 வரிசையில் எல்லாவற்றிலும் பின் எயார் பாக் இல்லை, உயர்ந்த ரகங்களில் மட்டும் வந்தது. முன்பக்கம் வழக்கமான கொயில்தான். பின் அக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையில் கொயில் இருக்கவேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒரு றப்பர்ப் பை. உயரத்தைப் பார்க்கப் பக்கத்துக்கு ஒரு சென்சர், காற்றை விட்டு மூட வால்வு, காற்றடிக்க ஒரு கொம்பிரசர். பின்னுக்கு வெங்காய மூட்டை ஏற்றினாலும் வாகனம் மட்டமாகவே நிற்கும். அத்தான் வேலணையில் தோட்டம் செய்கிறவர் என்பதால் அவருக்கு இது ஆடம்பரம் இல்லை, தேவை.

முதலில் காட்டிய கராஜில் அண்ணை ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்: “தம்பி, உதோட மினக்கெடாதையும். கழட்டிப்போட்டு ரெண்டு கொயிலைப் போடும், பிரச்சினை முடிஞ்சுது.” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொயிலில் காற்றுப் போகிற கதையே இல்லை, உப்புக்காற்றையும் தாங்கும். ஆனால் பாரம் ஏற்றும்போது மட்டம் பிடிக்கிற குணம் போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இருக்கிற வாகனங்களைக் கண்போலக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. 2025இல் திரும்பத் திறந்தார்கள்தான், ஆனால் வரியோடு வருகிற விலையைப் பார்த்தால் இன்றைக்கும் அதே நிலைதான். செய்தவன் செய்தபடி இருக்கிற ஒரு பிராடோவைக் கையாளுகிற வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்காது. “அண்ணை, ஒருக்காக் காத்து எதாலை போகுது எண்டு பாத்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுக் கோண்டாவிலுக்கு, எங்கள் வீட்டுச் சீமெந்து முற்றத்துக்கே வாகனத்தைக் கொண்டுவந்தேன்.

கருவி என்று முதலில் எடுத்தது அளவு நாடா மட்டும்தான். சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். நிலத்திலிருந்து அளந்தால் ரயர்க் காற்றும் கணக்கில் சேர்ந்து குழப்பும். பின்னேரம் எஞ்சினை நிறுத்தியதும் இரண்டு பக்கமும் அளந்து, ரேப் துண்டில் எழுதி ஒட்டினேன். விடிய அளந்தபோது இடப்பக்கம் 6 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. வலப்பக்கத்தில் அரைச் சென்ரிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை.

இந்த ஒரு அளவு பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். வாகனம் நின்றதும் இரண்டு பக்கத்து வால்வுகளும் தனித்தனியாக மூடிக்கொள்கின்றன. அதனால் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் கொம்பிரசரும் அதன் பொதுவான குழாயும் பழியிலிருந்து தப்பிவிட்டன. இடப்பக்க வால்வு, அங்கிருந்து போகிற பிளாஸ்டிக் குழாய், பூட்டுகிற முனை, பாக் என்று தேட வேண்டிய இடம் நாலாகச் சுருங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியிருந்தால்தான் வேறு கணக்கு.

அடுத்தது சவர்க்காரத் தண்ணீர். விசிறினால் காற்றுப் போகிற இடத்தில் நுரை கிளம்பும். இதைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காற்றில் நிற்கிற வாகனம் எந்த நேரமும் இறங்கும். கீழே படுத்து வேலை செய்யும்போது அந்தப் பையை நம்பக் கூடாது. சில்லுகளை நிலத்திலேயே விட்டு, சேசிஸுக்கு அடியில் சின்ன இடைவெளியோடு ஜக் ஸ்டாண்டுகளை வைத்தேன். பாக் வெறுமையானாலும் வாகனம் அவற்றில் தங்கும். வாகனத்தை ஜக்கில் தூக்கும்போது உயரக் கட்டுப்பாட்டு ஓஃப் பொத்தானை அமத்திவிடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் வாகனம் உயர்ந்துவிட்டது என்று நினைத்துக் கணினி காற்றைத் திறந்து விடும்.

உயரத்தைக் கூடிய நிலையில் வைத்து விசிறினேன். குழாய் முனையில் ஒன்றும் இல்லை, வால்வில் ஒன்றும் இல்லை, பாக்கிலும் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் “பாக் நல்லம், கொம்பிரசரைப் பார்ப்பம்” என்று எழும்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தப் பையின் அமைப்பைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். றப்பரின் கீழ்ப்பகுதி உள்ளே மடிந்து ஒரு தண்டின் மேல் உருண்டு ஏறி இறங்குகிறது. வாகனம் உயர்ந்தால் மடிப்பு ஓரிடத்தில் இருக்கும், தாழ்ந்தால் வேறிடத்தில். வருடக்கணக்காகச் சாதாரண உயரத்தில் ஓடிய வாகனத்தில் தேய்வது அந்த உயரத்தில் மடிகிற வளையம்தான். கூடிய உயரத்தில் அந்த வளையம் விரிந்து நேராகிவிட, வெடிப்பின் வாய் மூடிக்கொள்கிறது.

சாதாரண நிலைக்கு இறக்கினேன். பழைய பல் பிரஷால் மடிப்பில் இருந்த மணலைத் தட்டி, ரோச்சை உள்பக்கமாகப் பிடித்துத் திரும்ப விசிறினேன். சேசிஸைப் பார்த்த பக்கத்தில், மடிப்புக்குச் சற்று மேலே, மிக நுண்ணிய வெள்ளை நுரை ஒரு கோடாக மெல்ல வளர்ந்தது. துடைத்தால் மறையும், கொஞ்சம் பொறுத்தால் அதே இடத்தில் திரும்ப வரும். துடைத்த றப்பரில் பழைய சைக்கிள் ரயரின் ஓரத்தில் இருப்பதுபோலக் குறுக்குக் குறுக்காக வெடிப்புகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று உள் நூல் வரைக்கும் போயிருந்தது. இரவு முழுக்க 6 சென்ரிமீற்றர் இறக்கியது இந்த மயிரிழைதான்.

அத்தான் நாளாந்தம் வேலணைப் பக்கத்தை யாழ் நகரோடு இணைக்கிற பண்ணைப் பாதையால் வந்து போகிறவர். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, காற்றுக் காலத்தில் உப்புத் தூவல் நேராக வாகனத்தில் படும். அதோடு உள் ஒழுங்கைகளின் மணலும் சேர்ந்து மடிப்புக்குள் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் றப்பரை அரைக்கும். இன்னொன்றும் இருக்கிறது. சேர்விஸ் ஸ்டேஷன்களில் கீழ்ப்பக்கம் கழுவிய பிறகு கறள் பிடிக்காமல் இருக்க டீசலோ பழைய ஒயிலோ விசிறுகிற வழக்கம். இரும்புக்கு அது நல்லது, இந்த றப்பருக்கு ஆகாது. இப்போது அத்தானிடம், விசிறச் சொன்னால் பின் பாக் இரண்டையும் பொலித்தீனால் மூடச் சொல்லியிருக்கிறேன்.

வெடிப்பை ஒட்டுப்போட்டு வல்கனைஸ் பண்ணலாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு அசைவிலும் மடிகிற இடத்தில் ஒட்டு நிற்காது. பழைய உதிரிப்பாகங்கள் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாக் எடுக்கலாமா என்றும் கேட்டேன். கதவோ கண்ணாடியோ என்றால் நான் அங்கேதான் போவேன். ஆனால் றப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். புதிதாகவே எடுப்பித்தோம்.

பூட்டுகிற வேலை எதிர்பார்த்ததைவிட இலகு. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அக்சிலைத் தனி ஜக்கில் தாங்கி, குழாய் முனையை மெல்ல மெல்லத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன். குழாயின் நுனியில் கீறல் இருந்ததால் புது பிளேட்டால் செங்கோணமாக ஒரு சிறு துண்டு வெட்டினேன். சரிவாக வெட்டினால் காற்றை அடைக்கிற றப்பர் வளையம், ஓ ரிங், பிடிக்காது. ஓ ரிங்குகளும் புதியவை. சென்சரின் கைத்தடியைக் கழற்றவில்லை, அதன் இடம் கொஞ்சம் அசைந்தாலே வாகனத்தின் உயரம் மாறும். கழற்றிய பழைய பாக்குக்கு வெளியில் வைத்துக் காற்றடித்துப் பார்க்க ஆசை வரும், செய்யவே வேண்டாம். மேலே பாரம் இல்லாமல் விரிந்து பிய்த்துக்கொண்டு பாயும். புதிய பாக்கில் மடிப்பு சுற்றிவரச் சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, காற்று ஏறிய பிறகுதான் பாரத்தை அதன்மேல் விட்டேன். வெறும் பையின் மேல் வாகனத்தை இறக்கினால் றப்பர் நசிந்து புதிதிலேயே கிழியும்.

பிறகுதான் கொம்பிரசர். அதற்கு மின்சாரம் விடுகிற றிலேயின் முனைகள் கருகிக் குழிவிழுந்திருந்தன, மாற்றினேன். காற்றை உலர்த்துகிற குடுவைக்குள் மணிகள் ஈரம் குடித்துப் பாதி மாவாகியிருந்தன. இதற்கும் காரணம் அதே வெடிப்புத்தான். வாகனம் இறங்கும்போது வெளியேறுகிற உலர்ந்த காற்று அந்தக் குடுவை வழியாகத் திரும்பிப் போய் மணிகளின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். காற்று பாக்கிலேயே ஒழுகிப் போனால் திரும்பி வர ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்து ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும், மணிகள் ஊறிக்கொண்டே இருக்கும். மணிகளை மாற்றி மூடினேன். மோட்டார் அப்படியே பழையதுதான், இப்போது சிறிது நேரம் ஓடி நின்றுவிடுகிறது.

இடப்பக்கம் இப்போது விடியவும் பின்னேர அளவிலேயே நிற்கிறது. ஆனால் வலப்பக்க பாக்கும் அதே வயது. ரோச்சடித்துப் பார்த்ததில் மடிப்பில் மேலோட்டமான வெடிப்புகள் தொடங்கியிருக்கின்றன, நூல் வரை போகவில்லை. அத்தான் அடுத்த வெங்காயம் விற்றதும் அதற்கும் ஒன்று எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை கிழமைக்கு ஒருக்கால் அளந்து அதே ரேப்பில் எழுதச் சொல்லி அளவு நாடாவை அவருடைய வாகனத்திலேயே விட்டிருக்கிறேன்.