சீப்பில் வருவது சித்திரைக் கணக்கு

17 ஜூலை 2025, ஆடி 1

ஆடிக் காற்று அடிக்கையில் முடி கொட்டினால் பழி காற்றின் மேலும் போர் தண்ணியின் மேலும்தான் விழும். சிறுவாணி வந்த வீட்டிலிருந்து உப்புத் தண்ணி வீட்டுக்குக் குடி மாறியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். பழி போடுமுன் உதிர்ந்த முடி பத்தை எடுத்துக் கறுப்புத் துணியில் வையுங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்த முடி. இரண்டு நுனியிலும் குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் முடி உடைகிறது. உப்புத் தண்ணி, ஈரத்தலையில் சீப்பு, சாயம் எல்லாம் அந்த இரண்டாவது வகைக்குத்தான் பொறுப்பு.

குமிழோடு வரும் முடி ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தியது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் குறைந்தால் வளரும் முடிகள் காலத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போய்விடும். அதனால் ஆடியில் சீப்பில் வருவது சித்திரையில் உடம்பில் நடந்தது. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம் எதுவானாலும் இதே இடைவெளிதான். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளது.

19 ஜூலை

முடி கொட்டத் தைராய்டுதான் காரணமா என்று தெரிய, இரத்தப் பரிசோதனைக்கு என்ன எழுதிக் கேட்பது? தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச், இரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோனைக் காட்டும் எஃப்டி4 இரண்டும் முதலில். தைராய்டைத் தன் உடம்பே தாக்குகிறதா என்று தெரிய ஆன்டி டிபிஓ. ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த நோய் இது. அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆன்டி டிபிஓ ஒருமுறை பார்த்தால் போதும். 600 இருந்தது 450 ஆனதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்துப் பார்ப்பது வீண். தைராய்டு மாத்திரையின் அளவை அந்த எண் தீர்மானிப்பதில்லை, டிஎஸ்ஹெச்தான் தீர்மானிக்கிறது.

கூடவே ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12. தைராய்டு குறைந்த பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போவதுண்டு. அதில் இரும்புச்சத்தும் சேர்ந்து போகும், முடிக்கு இரண்டு பக்கமும் அடி. ஃபெரிட்டின் 30க்குக் கீழ் என்றால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல் அடிக்கும் வாரத்தில் இதைப் பார்க்காதீர்கள், பொய்யாக ஏறிக் காட்டும்.

அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கடற்பாசி மாத்திரையைத் தைராய்டுக்கு நல்லது என்று வாங்கி விழுங்கினால் ஹஷிமோட்டோ நோய் மோசமாகலாம்.

24 ஜூலை

புழுவெட்டு தனிக் கணக்கு. தலை முழுக்கப் பரவலாக மெலிவதும், புருவத்தின் வெளிமுனை தேய்வதும் ஹார்மோன் குறைவால் வரலாம். நாணயம் வைத்து வெட்டியது போல் வழவழப்பாக ஒரு வட்டம் விழுந்தால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடிவேரையே தாக்குவது. தைராய்டு நோயின் உடன்பிறப்பு மாதிரி. ஒருவருக்கே இரண்டும் வரலாம், ஆனால் தைராய்டு மாத்திரையால் வட்டம் மூடாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் ஆறு மாதம் மாத்திரை போட்டும் பலனில்லையே என்று பலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

வட்டத்தின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். மேலே தடித்து வேர்ப்பக்கம் மெலிந்த ஆச்சரியக்குறி முடிகள் நின்றால் நோய் இன்னும் பரவுகிறது. ஒன்றிரண்டு வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே முளைக்கும். இல்லையென்றால் தோல் டாக்டர் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். குன்றிமணி அரைத்துப் பூசாதீர்கள். அது விஷ விதை, புண்ணாக்கிவிடும். புண் ஆழமாகித் தழும்பு விழுந்த இடத்தில் முடி முளைக்கவே முளைக்காது.

28 ஜூலை

மாத்திரை. குறைந்த தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் அளவு, சுரப்பி முழுக்கச் செயலிழந்தவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வீதம். 60 கிலோவுக்கு 96, அதாவது 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. லேசான குறைவுக்கு 25 அல்லது 50இல் தொடங்குவார்கள். வயதானவர், இதய நோயாளி என்றால் இன்னும் மெதுவாக.

நம்ம பக்கம் கெட்டுப்போகும் இடம் காப்பி. விடிந்ததும் டம்ளரைக் கையில் கொடுத்து, அதோடு மாத்திரையையும் கொடுக்கிறார்கள். காப்பியும் பாலும் மருந்தைக் குடலில் முழுசாகச் சேரவிடாது. ஐந்தரைக்கு வெறும் தண்ணியில் மாத்திரை, ஆறரைக்குக் காப்பி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் மறக்காது. திருப்பூரில் நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்குக் காலை என்பதே இல்லை. கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்முன் போடலாம். நேரம் எதுவானாலும் நாள்தோறும் ஒன்றாக இருக்கணுங்க.

பாட்டிலை அடுப்பு மேடையிலும் குளியலறையிலும் வைக்க வேண்டாம், சூடும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். மாத்திரையின் கம்பெனியை மாற்றினால் ஆறு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்த்துவிடுங்கள்.

3 ஆகஸ்ட், ஆடி 18

பவானி கூடுதுறைக்குப் போன அவசரத்தில் மாத்திரை விட்டுப்போயிருந்தால் பதற வேண்டாம். மருந்தில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏழு நாள் ஆகும். காரின் டேஷ்போர்டில் மட்டும் பாட்டிலை விடாதீர்கள்.

14 ஆகஸ்ட்

பயோட்டின் என்ற பி வைட்டமின் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும். முடிக்கென்று கடையில் தரும் மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். பயோட்டினையே பசையாகப் பயன்படுத்தும் பரிசோதனை முறைகளில் இந்த அதிகப்படி குழப்பம் செய்து, டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் எஃப்டி4ஐ அதிகமாகவும் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே எச்சரித்தது. அந்த ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையைக் குறைத்தால் முடி இன்னும் கொட்டும். இரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

8 செப்டம்பர்

மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆயிற்று, டிஎஸ்ஹெச் பார்க்கும் நாள். அன்று காலை இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை. சாயங்காலம் டிஎஸ்ஹெச் குறைந்து காட்டும், அதனால் போன தடவை கொடுத்த நேரத்திலேயே கொடுங்கள்.

முதல் இரண்டு மாதம் மாத்திரை போட்டும் முடி கொட்டும், சிலருக்குக் கூடும். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுகிறது. பயந்து தாங்களாகவே அளவைக் கூட்டாதீர்கள். அளவு மிஞ்சினாலும் முடி கொட்டும், நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

அரப்புத் தேய்ப்பதும் தேங்காய் எண்ணெய் வைப்பதும் தடையில்லை. அரப்பைப் பூப்போலச் சலித்து, அழுந்தத் தேய்க்காமல் அலசுங்கள். நெற்றி ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒழுங்கில்லாமல் நிற்கும் குட்டை முடி புதிதாக முளைத்தது. தீபாவளிக்கு அது அங்கங்கே தெரியத் தொடங்கும். பின்னல் கனக்கத் தை தாண்டும்.