கிளாசிக் 350க்குப் புது ஏர் ஃபில்டர் மாட்டிய கதை

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்குக்குக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் கிட் ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு மாட்டுவது பெரிய காரியமில்லை. பொறுமை வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிளாம்பைத் தளர்த்தியும், பழைய ஃபில்டர் பெட்டியைக் கார்புரேட்டரோடு இணைக்கும் ரப்பர் குழாய் அசையவில்லை. சூட்டில் இறுகிய ரப்பரை வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, மெல்லத் திருகித் திருகி எடுத்தேன். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் பழைய பெட்டியில்தான் போய் முடிந்தது; அதன் முனையைத் திறந்து விடாமல் தனியாக ஒரு சிறிய ஃபில்டர் மாட்டினேன். புதியதன் கழுத்து கார்புரேட்டர் வாயில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தூசி நேரே சிலிண்டருக்குப் போகும், பிஸ்டன் ரிங் தேயும். இதில் சமரசமே கூடாது.

புது ஃபில்டரில் காற்று கூடுதலாகப் போகும்; அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். அந்த அளவைத் தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்ற துளையுள்ள சிறு திருகு. அதை மாற்றாமலேயே முதலில் ஓட்டிப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பெட்ரோல் எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் எந்த ஜெட்டை வாங்குவது? ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது. புறவழிச்சாலையில் நன்றாக முறுக்கி ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ஓரங்கட்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனையைச் சுற்றிய பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காற்றுக்கேற்ற பெட்ரோல் போகவில்லை என்பதற்கு அது அடையாளம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று போதும். அதற்கு மேல் காற்று போனால் என்ஜின் சூடேறும். நீண்ட தூரம் அப்படியே ஓட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரைத் திறந்து, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் எடுத்துக் கொடுத்த பெரிய மெயின் ஜெட்டைப் போட்டேன். பொடிப் பித்தளைத் துண்டு அது. இறுக்கும்போது முரட்டுத்தனம் காட்டினால் மரை போய்விடும். மறுபடி ஓட்டி, மறுபடி பிளக்கைப் பார்த்தேன். அடுத்த அளவு ஜெட்டில்தான், கலவை சரி என்று காட்டும் வெளிர் பழுப்பு நிறம் வந்தது.

மேட்டில் இழுவை கூடியிருக்கிறது, மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது. மூடியில்லாத ஃபில்டர் மழையில் நனையும் என்பதால், ஐப்பசி பிறப்பதற்குள் பழைய பெட்டியையும் பழைய ஜெட்டையும் திரும்பப் பொருத்திவிடுவேன். இரண்டையும் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.