இரண்டு முகவரியும் ஒரு காவடிப் பட்டியலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த பிறகு நான் செய்த வேலைகளில் என் மனசுக்கு நெருக்கமானது சம்பளம் வாங்கிச் செய்தது இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்காக எழுதிய காவடிப் பதிவு ஆப்தான் அது.

அதுவரை நோட்டுப் புத்தகம்தான். யார் காவடி, யார் பால்குடம், கூட வருபவர்கள் எத்தனை பேர் என்று மூன்று பேர் மூன்று நோட்டில் எழுதுவார்கள். முதலியார் இந்த ஊரில் மூட்லி ஆனதும், படையாட்சி படையாச்சி ஆனதும் எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய கதை. எழுத்துக்கூட்டல் வீட்டுக்கு வீடு மாறும், ஒருவர் பெயரே இரண்டு நோட்டில் இரண்டு பேராகிவிடும். 2023 பிப்ரவரி 5 தைப்பூசம். “இந்த வருஷம் போனிலேயே பதிவு பண்ணிடலாம் அங்கிள்” என்று டிசம்பரில் கோயில் செயலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பயனர் பார்க்கும் பக்கங்களான ஃப்ரண்ட்எண்டுக்கு ரியாக்ட், பின்னால் பதிவுகளைச் சேமிக்கும் பேக்எண்டுக்கு நோட், எக்ஸ்பிரஸ் என்ற கருவிகள். என் லேப்டாப்பில் எல்லாம் ஓடியது. இணையத்தில் ஏற்றும்போது, பலரும் செய்வதுபோல, இரண்டையும் இரண்டு இலவச இடங்களில் வைத்தேன். பில்ட் பண்ணின, அதாவது பிரவுசருக்குத் தயாராகத் தொகுத்த ஃப்ரண்ட்எண்ட் கோப்புகள் ஒரு முகவரியில், அவை பேசும் பேக்எண்ட் வாசலான ஏபிஐ வேறொரு முகவரியில்.

முதல் நாள் என் போனில் படிவம் திறந்தது, பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஏபிஐ முகவரி இன்னும் லோக்கல்ஹோஸ்ட் (ஒரு கருவி தன்னையே குறிக்கும் முகவரி) என்றே இருந்தது. ஏற்றிய இடத்தில் அந்த முகவரியை வைத்திருக்கும் என்விரான்மென்ட் வேரியபிள் என்ற அமைப்பை மாற்றியும் சரியாகவில்லை. ஃப்ரண்ட்எண்டை பில்ட் பண்ணும் வீட் கருவி அந்த மதிப்பை பில்ட் நேரத்திலேயே கோப்புக்குள் எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு வேரியபிளை மாற்றினால் போதாது, மறுபடி பில்ட் பண்ண வேண்டும். பேக்எண்ட் அப்படி இல்லை, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாகப் படித்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சாயங்காலம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது கோர்ஸ், ஒரு முகவரியில் திறந்த பக்கம் வேறொரு முகவரியின் பதிலைப் படிக்கலாமா என்று சொல்லும் விதி. அன்றைக்கு லோட் ஷெடிங், இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியிலும் போன் டேட்டாவிலும் உட்கார்ந்திருந்தேன். டெர்மினலில் கர்ல் என்ற கட்டளையால் கோரிக்கை அனுப்பினால் ‘சரி’ என்ற 200 வருகிறது. பிரவுசரில் அதே கோரிக்கை சிவப்பாக நிற்கிறது. சர்வர் சரியாகத்தானே பதில் சொல்கிறது என்று பேக்எண்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோர்ஸைக் காவல் காப்பது பிரவுசர். கர்லுக்கு அந்தக் கவலையே கிடையாது, அதனால் கர்லில் வேலை செய்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பேக்எண்டின் கோர்ஸ் அனுமதிப் பட்டியலில் ஃப்ரண்ட்எண்ட் முகவரியை அட்ரஸ் பாரிலிருந்து காப்பி எடுத்துப் போட்டிருந்தேன், கடைசியில் ஒரு சாய்கோட்டோடு. பக்கம் எங்கிருந்து வந்தது என்று பிரவுசர் அனுப்பும் ஆரிஜினில் அந்தக் கோடு இருக்காது. ஒப்பிடுவது எழுத்துக்கு எழுத்து. அந்த ஒரு கோட்டை அழித்ததும் பதிவு உள்ளே போனது. கரண்ட் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ஜனவரி நடுவில் பதிவைத் திறந்தோம். இலவசத்தில் ஓடிய பேக்எண்ட் கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும், எழுந்திருக்க ஒரு நிமிஷம்போல ஆகும். ஃப்ரண்ட்எண்ட் மட்டும் உடனே திறந்துகொள்ளும். சாட்ஸ்வர்த்தின் யூனிட் 3 பகுதிப் பாட்டி ஒருவர் பதிவுப் பொத்தானை நான்கு முறை அழுத்தியிருக்கிறார். பட்டியலில் நான்கு பால்குடம். “ஒண்ணுதான் கண்ணு நேர்ந்துகிட்டேன்” என்று பதறிப்போய் போன் பண்ணினார். அந்தப் பதற்றத்துக்கு நான்தான் காரணம். அன்றிரவே படிவம் திறக்கும்போதே ஒரு தனி எண்ணை பிரவுசரில் உருவாக்கி பதிவோடு அனுப்பும்படி செய்தேன். அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது. அழுத்தின பொத்தானும் பதில் வரும்வரை மங்கி நிற்கும்.

என் எண்ணத்தையே மாற்றியது செயலாளரின் ஐபோன். “மை கேர்ள், பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன், மறுபடி லாகின் பக்கத்துக்கே போகுது” என்றார். என் குரோமில் ஒழுங்காக இருந்தது. ஃப்ரண்ட்எண்டும் பேக்எண்டும் வேறு வேறு டொமைனில் இருந்ததால் லாகினை நினைவில் வைக்கும் குக்கி, ஐபோனின் சஃபாரி பிரவுசருக்கு மூன்றாம் ஆள் குக்கி, அதாவது திறந்த தளம் அல்லாத வேறொரு தளத்தின் குக்கி. 2020 முதல் சஃபாரி அதை முழுக்கத் தடுத்துவிடுகிறது. வேறு தளத்திலிருந்தும் குக்கி போகட்டும் என்று அதன் சேம்சைட் அமைப்பை நன் என்று வைத்து, அதற்குத் தேவையான செக்யூரும் சேர்த்திருந்தேன். இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் இரண்டையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவந்தேன். மாதக் கட்டணத்தில் ஒரு சின்ன சர்வர், முன்னால் வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸ். பாதை ஏபிஐ என்று தொடங்கினால் நோடுக்குப் போகும், மற்றதெல்லாம் பில்ட் கோப்புகளிலிருந்து வரும். கோப்பு இல்லாத பாதைக்கு இண்டெக்ஸ் பக்கத்தையே கொடுக்கச் சொன்னேன், இல்லையென்றால் உள்பக்கத்தில் ரெஃப்ரெஷ் செய்பவருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற 404 வரும். கோர்ஸ் வரிகள் மொத்தத்தையும் அழித்தேன். குக்கியின் சேம்சைட் சாதாரண லாக்ஸிலேயே வேலை செய்தது. பேக்எண்டுக்குத் தூக்கமும் கிடையாது. ஃப்ரண்ட்எண்டையும் பேக்எண்டையும் தனித்தனியாக எழுதுவது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு கோயில், ஒரு பட்டியல் அளவு வேலைக்கு அவற்றைத் தனித்தனி முகவரியில் குடிவைக்கத் தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

தைப்பூசத்தன்று விடியற்காலை கோயில் வாசலில் அங்கிள் அந்த ஐபோனோடு நின்றார். காவடி கட்டி வருபவர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு டிக் பண்ணினார். யூனிட் 3 பாட்டி மஞ்சள் புடவையில் பால்குடத்தோடு வந்தார். அங்கிள் போனைத் திருப்பிக் காட்டினார். அவர் பெயருக்கு நேராக ஒரே வரி.