எஃப் கார்டுக்குப் பதினைந்து நாள்

ஜூன் 2, 2025, திங்கள்

பார் கார்டு (ஒரே விரலை எல்லா ஸ்ட்ரிங்குக்கும் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் கார்டு) என்றதும் எல்லோரும் 1ஆம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் முதலாவதை ஒட்டி, எஃப் பிடித்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். கிட்டார் கழுத்திலேயே கடினமான இடம் அதுதான். கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு பட்டையான நட் ஒட்டினாற்போல் இருப்பதால் ஸ்ட்ரிங் விறைத்து நிற்கும். 5ஆம் ஃப்ரெட்டுக்குப் போனால் அதே ஸ்ட்ரிங் இளகிக் கொடுக்கும், ஃப்ரெட் இடைவெளியும் குறுகும். ஆகவே முதல் வாரம் முழுக்க அங்கேதான். அதே கைவடிவம் அங்கே ஏ மேஜர்.

ஆள்காட்டி விரல் 5ஆம் ஃப்ரெட்டில் குறுக்கே. மோதிர விரல் 5ஆவது ஸ்ட்ரிங் (மேலே இருக்கும் தடித்தது 6ஆவது, கீழே இருக்கும் மெல்லியது 1ஆவது), 7ஆம் ஃப்ரெட். அதற்குக் கீழே சுண்டுவிரல் 4ஆவது ஸ்ட்ரிங், அதே ஃப்ரெட். நடுவிரல் 3ஆவது ஸ்ட்ரிங், 6ஆம் ஃப்ரெட்.

இனி ஆள்காட்டிக்கு மிச்சம் என்ன என்று பாருங்கள். 5, 4, 3 ஸ்ட்ரிங்குகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அது அழுத்த வேண்டியது 6, 2, 1 மட்டும்தான். விரலின் நடுப்பகுதி சும்மா கிடந்தால் போதும். ஆறையும் நசுக்கப் பார்ப்பதால்தான் கை இரண்டே நிமிடத்தில் சோர்ந்துபோகிறது.

ஜூன் 3, செவ்வாய்

கார்டைப் பிடித்துவிட்டு மொத்தமாக அடிக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக 6இலிருந்து 1 வரை தட்டிக் கேளுங்கள். 'ஜர்ர்' என்று இரைந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது விரல் ஃப்ரெட் கம்பியை விட்டுத் தள்ளி இருக்கிறது. 'டப்' என்று செத்த ஒலி வந்தால், ஸ்ட்ரிங் சரியாக அழுந்தாமல் சதை மட்டும் படிந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

2ஆவது ஸ்ட்ரிங் செத்தால் முதலில் நடுவிரலைச் சந்தேகியுங்கள். அது சாய்ந்து பக்கத்து ஸ்ட்ரிங்கைத் தொட்டிருக்கும், நுனியில் நிற்கவையுங்கள். அப்படியும் வரவில்லையா, ஆள்காட்டியின் மூட்டுக்கோட்டுப் பள்ளத்தில் ஸ்ட்ரிங் விழுந்திருக்கிறது. விரலை 2, 3 மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். அழுத்தத்தைக் கூட்ட வேண்டியதே இல்லை. கூடவே ஆள்காட்டியைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டுங்கள். அந்த ஓரத்தில் எலும்பு அதிகம், சதை குறைவு.

ஜூன் 5, வியாழன்

பிடி கட்டைவிரலில் இல்லை, கையின் எடையில் இருக்கிறது. கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கம் நடுவில், ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நேர் எதிரே லேசாக நிற்கட்டும். வலது முழங்கை மடிப்பு கிட்டார் உடம்பின் மேல் படிந்திருக்க, இடது கையைத் தோளிலிருந்து பின்னோக்கி இழுங்கள். இப்போது கட்டைவிரலை எடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள். கார்டு ஓரளவு ஒலிக்கும். ஒலித்தால் வழி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கட்டைவிரல் அடியில் இருக்கும் தசை அயர்வது இயல்பு. மணிக்கட்டில் வலியோ விரலில் மரமரப்போ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். 5 நிமிடம், இடைவெளி, மறுபடி 5 நிமிடம். நாளுக்கு மூன்று முறை போதும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கிட்டாரையே சோதிப்போம். மற்ற எல்லாவற்றையும்விட இதை முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் கருவியின் குறையைத் தன் விரலின் குறையாக எண்ணிக் கிட்டாரை மூலையில் சாய்த்துவிடுகிறவர்கள் நிறைய.

1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, 2ஆம் ஃப்ரெட்டில் எஃப் வடிவத்தைப் பிடியுங்கள். கேப்போ இல்லாத எஃப்பைவிட இது வெகு சுலபமாக வந்தால் குற்றவாளி நட்: அதன் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை. உறுதிசெய்ய, கேப்போவைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி, 1ஆம் ஃப்ரெட் கம்பிக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். பள்ளத்தை நீங்களே அராவ வேண்டாம். கொஞ்சம் கூடிப்போனால் விரல் வைக்காத திறந்த ஸ்ட்ரிங் இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும். ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

12ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அகௌஸ்டிக்கில் 6ஆவதுக்கு 2.5 மில்லிமீட்டர், 1ஆவதுக்கு 2 என்றால் வசதி. 12 கேஜ் (ஸ்ட்ரிங் தடிமன்) செட்டுக்குப் பதில் மெல்லிய 10 போட்டாலும் கை இளகும். செலவே வேண்டாம் என்றால் எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிச் சுருதி சேருங்கள்: டி, ஜி, சி, எஃப், ஏ, டி. இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும்.

ஜூன் 11, புதன்

3ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்கலாம், அங்கே ஜி. நன்றாக வந்தபின் நடுவிரலை எடுத்தால் ஜி மைனர். இப்போது 3ஆவது ஸ்ட்ரிங்கும் ஆள்காட்டியின் தலையில் விழுகிறது. மைனர் பார் தொந்தரவு தருவது அந்த ஒரு ஸ்ட்ரிங்கால்தான். சும்மா இருக்கும் நடுவிரலை ஆள்காட்டியின் மேல் ஏற்றி முட்டுக் கொடுங்கள்.

ஜூன் 16, திங்கள்

1ஆம் ஃப்ரெட். சி-யிலிருந்து எஃப்புக்குப் போகும்போது எல்லா விரலையும் தூக்கிவிட்டுப் புதிதாக வைக்கிறோமே, அங்கேதான் நேரம் போகிறது. சி-யில் மோதிர விரல் 5ஆவது ஸ்ட்ரிங், 3ஆம் ஃப்ரெட். எஃப்பிலும் அதே இடம். அது அசையவே கூடாது. நடுவிரல் அதே ஃப்ரெட்டில் ஒரு ஸ்ட்ரிங் கீழே இறங்கும், சுண்டுவிரல் மோதிர விரலின் கீழே வந்து உட்காரும், ஆள்காட்டி கடைசியாகப் படுக்கும்.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டு. சி நான்கு தட்டு, எஃப் நான்கு தட்டு. எஃப்பின் 4ஆவது தட்டில் விரல்களை ஸ்ட்ரிங் மேலேயே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் விடுங்கள். கை மூச்சு வாங்க அந்த ஒரு தட்டு போதும். தப்பாமல் பத்துச் சுற்று வந்த பிறகு 55.