கரண்ட் வந்தும் எழுந்திருக்காத பெட்டி

மன்னார்குடிப் பக்கம் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகையில் லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன ஏஆர்எம் போர்டு (குட்டிக் கணினி) வைத்திருக்கிறேன். பாமணியாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில் நீர்மட்டம் பார்த்து, எஸ்எஸ்எச் (பூட்டிய தொலை இணைப்பு) வழியாக வீட்டுக் கணினிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் இது ரொம்ப உதவி. ஒரே குறை: கரண்ட் போய் வந்தால் போர்டு நிமிடக்கணக்கில் மௌனமாகிவிடும். “கரண்ட் வந்து எவ்ளோ நேரமாச்சு, உன் பெட்டி இன்னும் வாயத் திறக்கலியேடா தம்பி” என்று சித்தப்பாவின் போன் வந்துவிடும்.

சீரியல் கேபிள் மாட்டிப் பார்த்தால் கோளாறே இல்லை. எண்டர் தட்டிக்கொண்டே இருந்தால் சீக்கிரமே லாகின் வந்துவிடுகிறது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பூட் லாகில் (கணினி எழும்போது எழுதும் குறிப்பில்) ‘சிஆர்என்ஜி இனிட் டன்’, அதாவது ரேண்டம் எண் தரும் பகுதி தயார், என்ற வரி வரும்வரை எஸ்எஸ்எச் சர்வர் காத்துக் கிடக்கிறது. இணைப்பின் சாவிகளுக்கு யாரும் ஊகிக்க முடியாத எண்கள் அதற்கு வேண்டும். நான் தட்டிய ஒவ்வொரு எண்டரும் ஒரு இன்டரப்ட் (வெளிக் கருவி சிப்பைத் தட்டி அழைப்பது). லினக்ஸின் மையமான கர்னலுக்கு நானே ரேண்டம் தீனி போட்டிருக்கிறேன்.

போர்டோடு வந்தது 4.19 வரிசையின் பழைய கர்னல். அது இன்டரப்ட் வரும் நேரங்களைக் கலக்கிச் சேர்க்கும். 64 இன்டரப்ட் சேர்ந்தாலோ ஒரு வினாடி கழிந்தாலோ ஒரு பிட் ரேண்டம் சேர்ந்ததாக வரவு வைக்கும். 128 பிட் சேர்ந்தால்தான் தயார். விசைப்பலகை இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை, நெட்வொர்க்கும் சரியாக எழவில்லை என்றால் வினாடிக்கு ஒரு பிட்தான். இரண்டு நிமிடம் போய்விடும். நிரல்கள் கர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் 2014-இல் 3.17 கர்னலில் வந்தது. தயாராகும்வரை அது கேட்டவரை நிறுத்தி வைக்கும். நிறுத்துவது சரிதான். 2012-இல் ஆய்வாளர் நாடியா ஹெனிங்கர் குழு இணையத்தை அலசியபோது, ரவுட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள் முதல் பூட்டிலேயே அவசரமாகச் சாவி உருவாக்கியதால், டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) சர்வர்களில் 0.50 சதவீதத்தின் ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டே எடுக்க முடிந்தது. என் போர்டில் கடிகார பேட்டரியும் கிடையாது. ஒவ்வொரு பூட்டும் 1970-இல்தான் விழிக்கும்; நேரத்தை வைத்தும் ஒரு பூட்டை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது.

சரி, போன முறை சேமித்த ரேண்டம் எண்ணை அடுத்த பூட்டுக்குக் கொடுக்கும் சீடு ஃபைல் வைக்கலாம் என்று பார்த்தால் இன்னொரு முடிச்சு. அடிக்கடி கரண்ட் போய் எஸ்டி கார்டு கெடுவதால் ரூட்டை (முக்கிய ஃபைல்கள் இருக்கும் பகுதியை) ரீட்-ஒன்லி ஆக்கியிருந்தேன். அதில் புதுச் சீடு எழுத வழியில்லை. பழையதையே திரும்பத் திரும்பப் போட்டால் பயனில்லை. அதனால் எழுதக்கூடிய சின்ன பார்ட்டிஷன் ஒன்று ஒதுக்கி, ஒரு குட்டி சி நிரல் எழுதினேன். வரிசைதான் இதில் முக்கியம். முதலில் பழைய சீடைப் படி, அதோடு யூரேண்டத்தின் (கர்னல் ரேண்டம் எண் தரும் ஃபைலின்) வெளியீட்டையும் சேர்த்து ஹாஷ் செய்து (அரைத்துக் கலக்கி) புதியதை எழுது, எஃப்சிங்க் (கார்டில் நிஜமாகவே பதிவது) முடியட்டும், அப்புறம்தான் பழையதைக் கர்னலிடம் வரவு வை. நடுவில் கரண்ட் போனாலும் ஒரே சீடு இருமுறை வரவாகாது. யூரேண்டத்தில் வெறுமனே எழுதினால் கலக்குமே தவிர வரவு ஏறாது. அதற்கு ஆர்என்டி-ஆட்-என்ட்ரோபி என்ற ஐஓசிடிஎல் (கர்னலுக்கான தனிக் கட்டளை) வேண்டும்.

பக்கத்து வாய்க்காலுக்கு இன்னொரு போர்டு. கார்டை அப்படியே நகலெடுத்தால் இரண்டும் ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று. நகலுக்கு முன்பே சீடையும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் (போர்டின் அடையாளச் சாவிகளையும்) அழித்துவிட்டேன்.

அந்தப் போர்டில் மட்டும் புதுக் கர்னல் போட்டுப் பார்த்தேன். 2019-இல் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் செய்த ஒரு மேம்பாடு டிஸ்க் வேலையைக் குறைக்க, இன்டரப்ட்டும் குறைந்து சில கணினிகள் பூட்டிலேயே நின்றுபோயின. அதன்பின் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 5.4 கர்னலில் ஒரு வழி சேர்த்தார். யாராவது காத்திருந்தால் கர்னலே ஒரு டைமரை ஓடவிட்டு, சைக்கிள் கவுன்ட்டரின் (சிப்பின் துடிப்பை எண்ணும் எண்ணியின்) தடுமாற்றத்திலிருந்து பிட் திரட்டிக்கொள்ளும். என் போர்டில் ஓரிரு வினாடியில் வேலை முடிகிறது. பலவீனமான சிப்பில் இந்தத் தடுமாற்றத்தை எந்த அளவு நம்பலாம் என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆகவே சீடு பார்ட்டிஷனை எடுக்கவில்லை.

அடுத்து, கர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் வழியாக, டிவைஸ் ட்ரீயில் (கர்னலுக்குக் கொடுக்கும் வன்பொருள் பட்டியலில்) ஆர்என்ஜி-சீடு கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். குறுவை அறுப்பு முடியட்டும். அதுவரை சித்தப்பா கொட்டகைப் பெட்டியைத் தொட விடமாட்டார்.