மூடுபனியைப் புகையாக எண்ணிய பிழை

கொடைக்கானல் தூண் பாறையின் மூன்று தூண்களுக்கிடையே மூடுபனி ஏறிவரும் காட்சி ஒன்றைக் குறும்படத்துக்காகப் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு மாதமாக உருவாக்கிவருகிறேன். மொத்தம் 12 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம். பாறையை வடிக்க இரண்டு நாள் போதுமானதாக இருந்தது, மூடுபனிதான் வசப்படவில்லை.

வெளியைச் சிறு கனசதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவதே மூடுபனி, புகை போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் போலச்செய்யும் சிமுலேஷனின் அடிப்படை. ஒரு கட்டத்துக்குக் காற்று எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கித் தேடி, அங்கிருந்த மதிப்பை எடுத்துக்கொள்ளும் வழியைக் கணினி வரைகலை ஆய்வாளர் யோஸ் ஸ்டாம் 1999இல் பாய்மங்களின் (காற்று, நீர் போலப் பாய்பவற்றின்) கணக்குக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, நேர இடைவெளி பெரிதானாலும் கணக்கு நிலைகுலையாமல் நின்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் அண்டைக் கட்டங்களின் மதிப்புகள் கலப்பதால் மெல்லிய இழைகள் கரைந்துபோகின்றன. சுமார் 400 அடி உயரத் தூண்களைப் பக்கத்துக்கு 128 கட்டங்களில் அடக்கினால் ஒரு கட்டமே ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால், குறை இங்கேதான் என்று நம்பி 256 ஆக்கினேன். மொத்தம் 21 லட்சமாக இருந்த கட்டங்கள் 1 கோடியே 68 லட்சமாயின. இரவு முழுக்கக் கணினி ஓடியும், பள்ளத்தாக்கில் யாரோ சருகு கொளுத்தியதுபோலத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பாறைக்கு எதிரே வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்தேன். பாறை இடுக்கில் வளர்ந்த ஒரு குட்டை மரத்துக்குக் கீழே காற்று தெளிவாகவே இருந்தது. மரத்துக்குச் சற்று மேலே, எங்கிருந்தும் வராமல், வெண்மை அந்த இடத்திலேயே பிறந்தது. இழைகள் விரைந்து ஏறியபோதும் அதன் அடிவிளிம்பு மரத்தை விட்டு நகரவில்லை. தூணைக் கடந்து மறுபுறம் இறங்கிய இழை, பத்தடி போவதற்குள் மறைந்துவிட்டது.

கீழிருந்து ஏறிவருவது கண்ணுக்குத் தெரியாத ஈரக்காற்று. அது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் குளிர்ந்து, ஓர் உயரத்தை எட்டியதும் நீர்த்துளிகளாகிறது; இறங்கினால் சூடேறித் துளிகள் ஆவியாகிவிடுகின்றன. நானோ, மூடுபனியைச் சூடான புகையாகக் கருதி, அதற்கு மிதப்பு விசையும் கொடுத்திருந்தேன்.

அந்த விசையைச் சுழியாக்கி, காற்றைப் பாறைச்சரிவில் மோதி ஏறவிட்டேன். புகையின் அடர்த்தியை ஈரப்பதமாக வைத்துக்கொண்டு, உயரம் கூடக்கூடக் குறையும் ஒரு வரம்பை அதிலிருந்து கழித்து, மிஞ்சுவதை மட்டும் வெண்மையாகக் காட்டுமாறு மெட்டீரியலை, அதாவது புகையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பை, மாற்றினேன். கட்டங்களை 128க்கே இறக்கிவிட்டேன். விளிம்புகள் இன்னும் சற்று மழுங்கலாகவே உள்ளன; ஆனால் நடுத்தூணின் பின்புறம் இறங்கும் இழை, நேரில் கண்டபடியே, பாதிவழியில் மறைகிறது.