குழந்தைக்கு மூளை எம்ஆர்ஐ: தூக்கம்தான் பாதி வேலை

பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மருத்துவரிடம் போகும் பெற்றோர் பலர், "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆட்டிசமோ, ஏடிஎச்டி எனும் கவனக்குறைவும் ஓயாத துறுதுறுப்புமோ, எம்ஆர்ஐ (பெரிய காந்தத்தால் உடலுக்குள் படம் எடுக்கும் ஸ்கேன்) படத்தில் தெரியாது. குழந்தையை விளையாடவிட்டுக் கவனித்தும், பெற்றோரிடம் விசாரித்தும்தான் அதைச் சொல்ல முடியும். அதற்கு முன்னால் காது கேட்கிறதா என்று பார்க்கும் பேரா சோதனை அவசியம்.

வலிப்பு, வந்த பேச்சோ நடையோ மறந்துபோவது, வயதுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும் தலை, ஒரு பக்கக் கை கால் விறைப்பு, தோலில் வெள்ளைத் திட்டுகள் ஆகியவை இருந்தால் எம்ஆர்ஐக்கு அர்த்தம் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், பிறந்தவுடன் அழாத குழந்தைக்கும் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவில் வரும் கோளாறு) என்ற சந்தேகம் வந்தால், படம் நிறையவே சொல்லும்.

குழந்தை அசையாமல் படுத்திருந்தால்தான் படம் தெளிவாக வரும், அதனால்தான் தூங்கவைக்கிறார்கள். தேதி வாங்கியதும் கேட்க வேண்டியது, மயக்க மருத்துவர் உடன் இருப்பாரா என்பது. டிரைக்ளோஃபாஸ் சிரப் மட்டும் கொடுத்துத் தூங்கவைக்கும் இடங்கள் உண்டு. ஓயாமல் ஓடும் குழந்தைகளில் சிலருக்கு அது வேலை செய்யாது, சிலர் இன்னும் ஆர்ப்பரிப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு ரத்தக் குழாய் வழியே ஏற்றும் மருந்தே நல்லது. சிரப்பை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழியில் மூச்சு குறைந்தால் பார்க்க ஆள் இருக்காது.

வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரம்: சாப்பாடு, பசும்பால், பவுடர் பால் என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. அரிசிக் கஞ்சியும் சாப்பாட்டுக் கணக்குதான். தண்ணியாகத்தானே இருக்கிறது என்று பாட்டி இரண்டு கரண்டி ஊட்டிவிட்டால் அன்றைய ஸ்கேன் தள்ளிப்போகும். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் இதில் சலுகை கிடையாது. வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. எந்த நேரம் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளி இருமல் இருந்தால் முதல் நாளே போன் செய்து சொல்லுங்கள்.

முந்தின இரவு தாமதமாகப் படுக்கவைத்து, விடியுமுன் எழுப்பிவிட வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது பயணத்தில்தான். பஸ்ஸிலோ காரிலோ அரை மணி கண்ணசந்துவிட்டால் அப்புறம் சிரப் கொடுத்தாலும் தூங்காது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கைக்குழந்தை, குறிப்பாக மூன்று மாதத்துக்குள் என்றால், மயக்க மருந்தே இல்லாமல், பால் கொடுத்துத் துணியில் இறுகச் சுற்றினாலே பல நேரம் போதும்.

அரைஞாண் கொடி, கொலுசு, காப்பு, தோடு, தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கழற்ற வராத தோட்டை வாசலில் நின்று இழுத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். உள்ளே கூடப்போகும் அம்மாவின் தாலிக்கொடியில் கோத்த ஊக்கு காந்தத்துக்குப் பறக்கும். தலையில் ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) இருந்தாலும், காதில் காக்ளியர் கருவி (கேட்க உதவ உள்ளே பொருத்துவது) இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உள்ளே அரை மணிக்கு மேல் ஆகலாம், சத்தம் பலமாக இருக்கும். காதுக்குப் பஞ்சு மட்டும் போதாது, மேலே காதுமூடியும் கேளுங்கள். வெளியே வந்ததும் அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அரைத்தூக்கத்தில் உட்காரவைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுப் பாதை அடைபடலாம். நன்றாக விழித்து, தண்ணீர் குடித்து, வாந்தி இல்லை என்ற பிறகே புறப்படுங்கள். அன்று முழுக்க நடை தள்ளாடலாம், மாடிப்படியில் தனியே விடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் மயலின் தாமதம், சிறு அரக்னாய்ட் நீர்க்கட்டி (மூளையை மூடும் சவ்வில் நீர் தேங்கிய பை) என்று படித்துப் பலர் இரவெல்லாம் அழுகிறார்கள். நீர்க்கட்டி பல நேரம் பேச்சுக்குச் சம்பந்தமில்லாதது. மயலின் என்பது நரம்பு இழையைச் சுற்றும் உறை; ஏறத்தாழ இரண்டு வயது வரை மூளையில் அது வேகமாகப் பரவிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வயதில் எடுத்த படத்தைப் பின்னால் மீண்டும் எடுக்கச் சொல்வதுண்டு. நார்மல் என்று வந்தால் ஆட்டிசம் இல்லை என்றும் ஆகாது. ரிப்போர்ட்டுக்காகப் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், ஸ்கேன் தேதிக்கு முன்பே தொடங்கலாம்.

ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிடும் மருத்துவருக்கு அதிலுள்ள முழுப் படங்களும் வேண்டும்.